டவுன் ஹோலும் நம்மவர் கைவேலையும்



"டவுன் ஹோல்" என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு பஸ் கண்டக்டரின் குரல்தான் வரும். தெவட்டகஹ பள்ளிக்குப் போவதென்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் அங்கேதான் இறங்குவோம். எதிரே அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடம் நிற்கும். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைக் கடப்பதிலேயே கவனமாக இருப்போம். கட்டடத்தை நிமிர்ந்து பார்க்க நேரமேது? வீட்டு வரி கட்டுவது ஆண்களின் வேலை. ஆகவே அதன் வாசற்படியும் ஆண்களுக்குரியது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

என் மகள்தான் அந்த நினைப்பைக் கலைத்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வாடிய முகத்தோடு வந்தாள். கூடப் படிக்கும் பிள்ளை ஒன்று, "நீங்க எல்லாம் துணி மூட்டையோட யாவாரம் செய்ய வந்த ஆக்கள்தானே" என்று சொல்லிவிட்டதாம். சின்னப்பிள்ளைப் பேச்சுத்தான். ஆனால் 2019க்குப் பிறகு இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் தாயின் மனது இலேசில் ஆறுவதில்லை. "உம்மா, எங்கட ஆக்கள் கொழும்புல என்னத்தக் கட்டியிருக்காங்க?" என்று கேட்டாள். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதை வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவதே நல்லது என்று பட்டது.

மறுவாரம் இருவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே புறப்பட்டோம். ஜம்பட்டா வீதியால் இறங்கி, செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டினால் காய்மன் வாசல். ஒல்லாந்தர் மொழியில் காய்மன் என்றால் முதலை. கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையில் முதலைகள் கிடந்தனவாம். இப்போது அங்கே முதலை இல்லை. நாட்டாமிகளின் கைவண்டிகள்தான் அதைவிட வேகமாகப் பாய்ந்து வருகின்றன! அந்த இரைச்சலுக்கு நடுவே, கூர்முனை வளைவு ஜன்னல்களோடு நிற்பதுதான் பழைய டவுன் ஹோல்.

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உண்டானது. அப்போது நம் வீட்டு மூத்தம்மாமார்களுக்கு மட்டுமல்ல, இந்த நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் வாக்குரிமை இல்லை. ஆண்களிலும் சொத்துள்ள சிலருக்கே அது இருந்தது. சபைக்குத் தலைமை தாங்கியவர் அரசாங்கத்தின் வெள்ளைக்கார அதிகாரி. அந்தச் சபைக்காக 1873இல் எழுந்த கட்டடம் இது. வரைபடம் போட்டவர் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டி எழுப்பியவர் யார் தெரியுமா? அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். நம்மவர்.

மகள் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். நானும் வைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். போகிற வருகிற நாட்டாமிமார் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வாப்பிச்சி மரைக்காரின் பெயரைப் பலரும் நூதனசாலையோடு சேர்த்துத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். கறுவாத்தோட்டத்து நூதனசாலையும் ஸ்மிதர் வரைந்து மரைக்கார் கட்டியதுதான். 1877 ஜனவரி 1ஆம் திகதி அது திறக்கப்பட்டது. "உமக்கு என்ன வெகுமதி வேண்டும்?" என்று தேசாதிபதி வில்லியம் கிரெகரி கேட்டாராம். மரைக்கார் பட்டமும் கேட்கவில்லை, காணியும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். இது நம்மவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அந்த நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியே இருந்தது என்பது என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். என் சிறுவயதில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த வாப்பாவிடம் அங்கே கூட்டிப்போகும்படி அடம்பிடித்தேன். மூடியிருக்கும் காரணத்தை அன்றுதான் அவர் சொன்னார். இரண்டு நாளாக அழுத அழுகை, அந்தக் கதையைக் கேட்டதும் பெருமையாக மாறிவிட்டது.

சம்பாதித்ததை மரைக்கார் தனக்கே வைத்துக்கொள்ளவும் இல்லை. 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி தொடங்கியபோது, சித்திலெப்பை, ஒராபி பாஷா ஆகியோரோடு முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அவருடைய பேரர்தான் சேர் ராஸிக் பரீத்.

பழைய டவுன் ஹோலுக்குத் திரும்புவோம். 1984இல் அதைத் திருத்தி மாநகர சபையின் நூதனசாலையாக்கினார்கள். அந்தக் காலத்துச் சபைக்கூட்டம் நடப்பதுபோல, நீண்ட மேசையைச் சுற்றி ஆளுயர உருவங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். கோட்டும் மீசையுமாக, ஏதோ பெரிய விஷயத்தை யோசிப்பவர்கள்போல இருக்கிறார்கள். அதைப் பற்றி நான் சொன்னதும் மகள், "அதுல ஒரு பொம்புளையும் இல்லையா உம்மா?" என்றாள். இல்லை. இருக்கவும் முடியாது.

நகரம் வளர வளர அந்த இடம் போதாமல் போயிற்று. 1924இல் கறுவாத்தோட்டத்தில், இன்றைய விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரே, புதியதற்கு அடிக்கல் நாட்டினார்கள். எஸ். ஜே. எட்வர்ட்ஸ் என்பவர் வரைந்தது. தூண்களும் குவிமாடமுமாக அது எழுந்து, 1920களின் இறுதியில் சபை அங்கே குடிபோனது. பஸ் கண்டக்டர் கூவுகிற டவுன் ஹோல் அதுதான்.

என்னைக் கேட்டால், பழையது கட்டடத்தால் நமக்கு நெருக்கம், புதியது உள்ளே நுழைந்தவர்களால் நெருக்கம். 1937இல் டொக்டர் மேரி ரட்ணம் சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியானார். கனடாவில் பிறந்து தமிழரை மணந்து நம் நாட்டுப் பெண்களுக்காக உழைத்தவர் அவர். பின்பு ஆயிஷா ரவூப். தலச்சேரியிலிருந்து இங்கே வாழவந்தவர். பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக நமது எத்தனையோ பிள்ளைகளை எழுத்தறிவித்த அதே கையால், மாநகர சபையிலும் பணிசெய்தார். கொழும்பின் பிரதி மேயராகவும் இருந்தார். நம்மவர் வீடுகளில் பெரிய பிள்ளையானதும் படிப்பை நிறுத்திவிடுவது சாதாரணமாக இருந்த காலம் அது! அவருடைய பெயர் நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மேயர் ஆசனத்தில் எம். எச். முஹம்மத், ஏ. எச். எம். பௌசி, உமர் காமில் எனப் பலர் அமர்ந்திருக்கிறார்கள். 2006இல் ஒரு வேடிக்கை நடந்தது. பெரிய கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட, மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு வென்றது. திரீவீலர் ஓட்டிய உவைஸ் முஹம்மத் இம்தியாஸ் மேயரானார். 2018இல் ரோஸி சேனாநாயக்க முதற் பெண் மேயரானார். 2025இல் வ்ராய் கெலி பல்தசார் இன்னொரு பெண்ணாக அந்த ஆசனத்துக்கு வந்தார்.

இவ்வளவையும் சொல்லிச் சொல்லியே வீடு வந்து சேர்ந்தோம். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், மகள் கொப்பியை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதுகிறாளாம். சண்டை வேண்டாம் மகள் என்றேன். "சண்டை இல்ல உம்மா, அவளையும் கூட்டிட்டுப் போய்க் காட்டப் போறேன்" என்றவள், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"வாப்பிச்சிக்கு எத்தின 'ச்' போடணும்?"