திருச்சூரில் ஒரு நாடக நாள்

கேரள சர்வதேச நாடக விழாவில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பினேன். காலையில் கலந்துரையாடல், மதியத்துக்குமேல் இரவுவரை அடுத்தடுத்து நாடகங்கள். கேரள சங்கீத நாடக அகாதமி வளாகத்தில் கே.டி. முகமது அரங்கிலிருந்து வெளியே வந்து, ஒரு சாயா குடித்துவிட்டு நாலு எட்டு வைத்தால் முரளி அரங்கு. நடிகர் முரளி (மலையாள முரளி) அகாதமித் தலைவராக இருந்தபோது, 2008இல் தொடங்கிய விழா இது.

ஒரு நாடகத்தின் மொழி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. மேலே திரையில் மொழிபெயர்ப்பு ஓடியது. கொஞ்ச நேரத்தில் அதைப் படிப்பதையே விட்டுவிட்டேன். வசனம் பேசியவரை விட்டு, ஓரத்தில் வாய் திறக்காமல் நின்ற கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோள் மெல்லத் தளர்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சினிமாவில் யார் முகத்தைப் பார்ப்பது என்று கேமரா முடிவு செய்துவிடுகிறது. இங்கே அது நம் உரிமை.

வரிசையில் எனக்கு முன்னால் கல்லூரிப் பிள்ளைகள், பின்னால் பேத்தியோடு ஒரு பாட்டி. நாடகம் முடிந்ததும் டீக்கடையில் அத்தனை பேரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தப் பார்வையாளர்களைப் பார்க்கத்தான் ஏக்கமாக இருந்தது.

1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய தமிழ் மண் நம்முடையது. ஆண்டுதோறும் இப்படியொரு விழாவை நம் அரசும் நடத்த வேண்டும். அதுவரை, நண்பர்களே, ஒரு நாளாவது அங்கே போய் வாருங்கள். கோவையிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரப் பயணம்தான்.