பிள்ளை யாரிடம், எந்த நாளில்

தாயும் தகப்பனும் பிரிந்தபின் பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை, இந்துக் குடும்பங்களில், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தையும் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டத்தையும் சேர்த்து வாசித்து நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்பது 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் தெளிவானது. இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பிள்ளையின் நலன். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது.

மனு எங்கே போடுவது என்பதில் குழப்பம் வேண்டியதில்லை. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடமே கணக்கு. தாய் தென்காசிப் பக்கம் வாசுதேவநல்லூரில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு வந்து, பிள்ளையும் இங்கேயே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டால், திருப்பூரில் இருக்கும் தகப்பன் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்னும் காப்பாளர் மனுவைப் போட இந்தப் பக்கம்தான் வர வேண்டும்.

பிள்ளை யாரிடம் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஓரளவு எளிதாகவே விடை கிடைத்துவிடும். வக்கீல் தொழில் தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டுவது பார்வை உத்தரவு. பிள்ளை தன்னிடம் இல்லாத தாயோ தகப்பனோ அதை எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பார்ப்பது, யார் கூட்டி வருவது, யார் திரும்பக் கொண்டுவிடுவது என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. இப்போது வரும் பல மனுக்களில் தீர்ப்புகளின் மேற்கோள் பக்கம் பக்கமாக இருக்கிறது. பார்வைக்கு ஒற்றை வரி. “இரண்டாம், நான்காம் சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 5 வரை.” சென்னையில் யாருக்கோ எழுதிய வரி, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வாசுதேவநல்லூருக்கு வந்து சேர்கிறது.

அந்த வரியை இந்த ஊரில் வைத்துப் பார்க்க வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. அன்று காலை 10 மணிக்கு இங்கே நிற்க வேண்டுமானால் தகப்பன் வெள்ளி இரவே பஸ் ஏற வேண்டும்; ஒரு நாள் கூலி போகும், சம்பளமும் கைக்கு வராது. இரண்டு முறை வருவார், மூன்றாம் முறை வரமாட்டார். அடுத்த வாய்தாவில் “பிள்ளை மேல் அக்கறை இல்லை” என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருந்தால் இத்தனையும் இல்லை.

பண்டிகை விஷயமும் அப்படித்தான். தீபாவளியையும் பொங்கலையும் மறக்காமல் பங்கு போடுகிறார்கள். பங்குனி உத்திரத்தை விட்டுவிடுகிறார்கள். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் அன்றைக்குத்தான் தகப்பன் வழிக் குடும்பம் முழுவதும் குலதெய்வ சாஸ்தா கோயிலில் கூடும். தாத்தாவும் ஆச்சியும் பேரப்பிள்ளையைத் தேடும் நாள் அது. ஊர்க் கோயில் கொடையும் அப்படியே. தாய்மாமன் மடியில் காது குத்துவதற்கு முன் தகப்பன் வீட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டுமா என்பதுவரை எழுதிவைத்த உத்தரவுகள் சண்டையில்லாமல் நடக்கும். எழுதாத உத்தரவுகள் நிறைவேற்று மனுவாகத் திரும்பி வரும், சில நேரம் காவல் நிலையம் வழியாக.

நேரில் வர முடியாதவர் வீடியோ அழைப்பில் பேசவும் வழிசெய்ய வேண்டும் என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வளைகுடாவில் வேலை பார்க்கும் தகப்பன்மாருக்கு இது பெரிய உதவி. ஆனால் யாருடைய போனில், எத்தனை மணிக்கு என்று எழுதாவிட்டால் இதுவும் ஏட்டோடு நின்றுவிடும்.

விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை 1890 சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி நீதிபதி கேட்கலாம். தம் அறையில், தனியாகக் கேட்பதே நல்ல வழக்கம். சொல்லிக்கொடுத்த பேச்சு உடனே தெரிந்துவிடும். “அம்மாவா, அப்பாவா” என்று எடுத்த எடுப்பில் கேட்பது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கூட்டாளிகளைப் பற்றியும் பேசவிட்டாலே வேண்டிய விடை வந்துவிடும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் இப்போது ஒதுக்கப்படுவதில்லை.

இருவரும் கூட்டாக வளர்ப்பதற்குச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆம் அறிக்கையில் பரிந்துரை தந்தது. ஒரே ஊரில் இரண்டு வீடுகள் என்றால் அது நடக்கும். தாய் வாசுதேவநல்லூரிலும் தகப்பன் திருப்பூரிலும் இருக்கும்போது பள்ளிக்கூடம் இரண்டாக முடியாது.

காப்பு உத்தரவு எதுவும் இறுதியானதல்ல. நிலைமை மாறினால் அதே நீதிமன்றத்தில் மாற்றக் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்தின் இறுதி உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். வழக்கு சமரசத்தில் முடிவதானால், மனுவில் கையெழுத்துப் போடும் முன் தாயும் தகப்பனும் ஒரு நாள்காட்டியை விரித்து, மனுவில் எழுதியிருக்கும் ஒவ்வொரு நாளும் தங்களுக்கு நடக்கக்கூடியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.