சுள்ளியும் முடிச்சும்

அமெரிக்கக் கலைஞர் நிக் கேவின் சவுண்ட்சூட்டுகளை, அதாவது உடுத்தியவர் அசையுந்தோறும் ஓசையெழுப்பும் முழுவுடல் ஆடைகளை, மாறுவேட உடைகளின் வரிசையில் வைப்பது, தைத்த கைகளையும் அவை பிறந்த காரணத்தையும் ஒருசேர அவமதிப்பதாகும். 1991-இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவலர்கள் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய காட்சி ஒளிபரப்பானபின், தாமும் கறுப்பினத்தவரான கேவ், சிகாகோ பூங்காவொன்றில் எவரும் பொருட்படுத்தாது கிடந்த சுள்ளிகளில் தம் நிலையையே கண்டு, அவற்றைப் பொறுக்கிவந்து, நறுக்கித் துளையிட்டு, உள்ளாடையில் நெருக்கமாகக் கோத்தார். சிற்பமென எண்ணிச் செய்ததை உடுத்தி நடந்தபோதுதான் அது சலசலத்தது. நிறம், பால், வர்க்கம் ஆகிய எதையும் வெளிக்காட்டாத அவ்வுறைக்குள் மனிதரை அறியும் வழி அசைவு ஒன்றே.

இவ்வகை ஆடையில் காலத்தை விழுங்குவது பொருத்தும் வேலை. பச்சைச் சுள்ளி உலரும்போது சுருங்கி வெடிக்குமாதலால் முதலில் காயவேண்டும். துளையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்க்காவிடில் அது நூலை அறுத்துவிடும். ஒரு நூல் அறுந்தாலும் மற்றவை உதிராதிருக்க, ஒவ்வொரு சுள்ளிக்கும் தனி முடிச்சு வேண்டும். அடித்துணியோ இழுபடும் பின்னல்துணி. தளர்ந்த நிலையில் தைத்த முடிச்சு, முழங்கால் மடங்கியதும் தெறிக்கும். ஆகவே துணியை வளைந்த உடலின் அளவுக்கு இழுத்துப் பிடித்தே தைக்க வேண்டும். அக்குள் இன்னும் பொல்லாதது: அங்கே சுள்ளி நெருங்கினால் கை உயராது, விலகினால் உள்துணி பல்லிளிக்கும். எத்தனை முறை பிரித்துத் தைத்தாலும், ஆடிப் பாராத தையற்காரருக்கு அந்த இடம் பிடிபடுவதில்லை. கேவ் ஆல்வின் எய்லி நடனப் பள்ளியில் பயின்றவர் என்பதும், 2013-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் அவருடைய 30 குதிரையாடைகளுக்குள் நடனக்கலைஞர்கள் புகுந்து ஆடினர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை.

இவ்வகை ஆடை செய்யும் இன்றைய இளையோர் பலர் ஊசியை விட்டுக் குளூ கன் எனும் சூட்டுப்பசைத் துப்பாக்கியை எடுக்கின்றனர். சூட்டில் உருகி வழியும் அப்பசை துணியில் உறைந்ததும் இழுவை செத்துவிடுகிறது. படமெடுக்க நிற்கும்வரை குறையேதும் தெரிவதில்லை. அரங்கில் முதல்முறை குந்தியவுடன் ஒட்டிய பொத்தான்கள் கொத்தாக உதிரும்போது, ஆடையைப் பிரித்துத் தைப்பதற்கு மாறாக, ஆடுபவரிடம் குந்தவேண்டாமென்று சொல்லிவிடுகின்றனர்.