பத்து நிமிடமும் பழைய வண்டியும்

தென் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துச் சிற்றூர்களைக் கடந்து செல்லும் பயணி, ஊர்தோறும் இரண்டு கட்டடங்களைக் காண்பார். ஒன்று வெங்காய வடிவக் கோபுரமுடைய ஆலயம். மற்றொன்று அகன்ற கதவுடைய தீயணைப்பு நிலையம். 500 பேர் வாழும் ஊருக்கும் தனியாக ஒரு நிலையம் வேண்டுமா என்று நாம் வியக்கலாம். கதவு திறந்தால் வியப்பு இன்னும் மிகும். முப்பது, நாற்பது ஆண்டு கண்ட செந்நிற வண்டி ஒன்று, நேற்று வாங்கியது போன்ற பளபளப்புடன் உள்ளே நிற்பதும் உண்டு.

அது காட்சிப் பொருளன்று. இன்றிரவு சங்கு ஒலித்தால் அதுவே புறப்பட வேண்டும். மியூனிக், நியூரம்பர்க் போன்ற பெருநகரங்கள் சிலவற்றில்தான் ஊதியம் பெறும் தீயணைப்புப் படை உண்டு. மற்ற இடங்களிலெல்லாம் உழவரும் தச்சரும் ஆசிரியரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியேறுகிறார்கள். இத்தகைய தொண்டர் படைகள் அம்மாநிலத்தில் மட்டும் 7,000க்கு மேல் உள்ளன. அழைப்பு கிடைத்த 10 நிமிடத்துக்குள் உதவி சேர வேண்டும் என்பது அங்குள்ள விதி. இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நகரத்துப் புது வண்டி எத்துணைச் சிறப்புடையதாயினும் அந்நேரத்துக்குள் வந்து சேராது. தெருமுனையில் நிற்கும் கிழவண்டி சேரும். பழைய வண்டிகள் நிலைத்திருப்பதன் உண்மைக் காரணம் இதுவே. பழமைப் பற்று இரண்டாவதுதான்.

அவ்வண்டிகளுள் பெயர்பெற்றது மாகிரஸ் டாய்ட்ஸ். உல்ம் நகரத் தீயணைப்புப் படையின் தலைவராயிருந்த கொன்ராட் டீட்ரிக் மாகிரஸ் 1864இல் தொடங்கிய தொழிலின் வழிவந்தது அது. வண்டியின் முகப்பிலுள்ள சின்னத்தில் உல்ம் பேராலயத்தின் கோபுரமே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய மாகிரஸ் வண்டிகளின் டீசல் இயந்திரம் காற்றால் குளிர்விக்கப்படுவது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லையாதலால், பனி உறையும் தை மாதத்து இரவிலும் உறைந்து வெடிக்க அதில் ஏதுமில்லை. இதைவிட நல்ல யோசனையைப் பின்வந்தோர் கண்டனரா என்பது நமக்கு ஐயமே.

வண்டியின் வகைப்பெயரிலுள்ள எண்ணும் பொருளுடையது. 8 என்றிருந்தால் பம்பு நிமிடத்துக்கு 800 லிட்டர் நீர் இறைக்கும்; 16 என்றால் 1,600 லிட்டர். நால்வர் கைப்பிடித்துத் தூக்கிச் சென்று குளக்கரையில் வைக்கும் பம்பும் ஒன்று உண்டு. அவற்றுள் பலவற்றை இயக்குவது வோக்ஸ்வாகன் 'வண்டு' காரின் இயந்திரமே! அதைப் பழுது பார்க்க அறிந்த முதியவர் ஊருக்கொருவராவது இருப்பார்.

இத்தனை ஆண்டு இவை உழைப்பது எங்ஙனம்? ஓட்டம் குறைவு, மழையும் வெயிலும் படாத கொட்டில், பயிற்சி நாள்தோறும் பம்பை ஓட்டிப் பார்த்து, துடைத்து, எண்ணெயிடும் கைகள். நம்மூர்ச் சுமைவண்டி ஓராண்டில் ஓடும் தொலைவை இவற்றுள் சில முப்பது ஆண்டிலும் ஓடியிரா.

கிழக்கு ஜெர்மனியின் கதை சற்று வேறு. லுட்விக்ஸ்ஃபெல்டே ஆலையில் 1965 முதல் 1990 வரை உருவான டபிள்யூ 50 வண்டிகள், அந்நாடு மறைந்த பின்னரும் பற்பல கிராமங்களில் தீயணைத்து வந்தன. அவ்வண்டியின் தயாரிப்பே நின்றுவிட்ட நிலையில், ஒரு வண்டியின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றுக்கு உயிர் கொடுத்தார்கள்.

எனினும் பழமையைப் புகழ்ந்து கொண்டிருந்தால் போதாது. பழைய வண்டியின் பின்னிருக்கைகளில் இடுப்புவார் இல்லாதவை உண்டு. விரைந்து செல்லும் வண்டியில் வார் இன்றி அமரும் அப்பிள்ளைகளின் தாய்மார் நிம்மதியாக உறங்குவார்களா? ஓட்டுநர் சிக்கலும் உண்டு. முன்பு கார் உரிமம் பெற்றவரே 7.5 டன் வண்டியையும் ஓட்டலாம். 1999 முதல் கார் உரிமத்துக்கு 3.5 டன்தான் எல்லை. முதியவர் விலக, இளைஞருக்கு ஓட்டும் உரிமை இல்லாது போயிற்று. 2011ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தொண்டருக்கென 7.5 டன் வரை தனி உரிமம் வழங்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. ஆனால், பகலில் தொலைநகருக்கு வேலைக்குச் சென்றுவிடும் இளைஞரை எந்தச் சட்டம் ஊருக்கு அழைத்துவரும்? இரும்பு துருப்பிடிக்கும் முன்னரே ஆள் குறைந்துவிடுமோ என்பதே அவ்வூர்ப் பெரியோரின் கவலை.

புது வண்டிக்குப் பல லட்சம் யூரோ வேண்டும். ஊராட்சியின் பணம், மாநில உதவி, தொண்டர் சங்கம் திருவிழாவில் திரட்டும் நன்கொடை யாவும் சேர்ந்தே அது வரும். வந்த நாளில் கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் புரொட்டஸ்டாண்டு போதகரும் ஒருங்கே நின்று அதை மந்திரித்து ஆசீர்வதிப்பது வழக்கம். உரோமைப் படை அலுவலராயிருந்து, விசுவாசத்துக்காக 304இல் என்ஸ் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட புனித புளோரியானே தீயணைப்போரின் பாதுகாவலர். அவர் திருநாள் மே 4. வானொலித் தொடர்பில் தீயணைப்பு வண்டிகளை அழைக்கும் பெயரும் 'புளோரியான்' என்பதே. பின்னே ஊர்ப்பெயரும் எண்ணும் வரும்.

புதியது வந்ததும் பழையது எங்கே போகிறது? சிலவற்றைச் சங்கத்தாரே வாங்கி, 30 ஆண்டு கடந்த ஊர்திகளுக்குரிய தனி எண்பலகை பூட்டி, விழா ஊர்வலத்தில் ஓட்டுகிறார்கள். வேறு சில போலந்துக்கும் ருமேனியாவுக்கும் நன்கொடையாகச் செல்கின்றன. 2022க்குப் பின் உக்ரைனுக்கும் பல சென்றன. அங்கே அவை மீண்டும் பணியிலிருக்கின்றன.