கரிசலில் ஒரு குதிரை

விடுமுறையில் குதிரையேறிச் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் கொடைக்கானலுக்குப் போவார்கள். அங்கே ஏரிக்கரையில் அதற்கென்றே குதிரைகள் நிற்கும். அந்த உத்தேசத்தோடு கோவில்பட்டிக்கு ரயிலேறுகிறவர் யாரும் இல்லை. கடலைமிட்டாய்க்காக வேண்டுமானால் இறங்குவார்கள்.

எனக்கு அந்த யோசனை வந்ததற்குக் காரணம் ஒரு வெள்ளைக் குதிரை. பொங்கலுக்கு நான் போய்த் தங்கியிருந்த கிராமத்தில் பெரியவர் ஒருவர் அதைக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்துவந்தார். கொஞ்சம் வயதான குதிரை. கொட்டுச் சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் மிரளாது. அவர் வீட்டு முற்றத்தில் எப்போதும் காணம் வேகிற வாசனை. (கொள்ளுக்கு இந்தச் சீமையில் காணம் என்றுதான் பெயர்.) காட்டு வழியாக எட்டயபுரம் வரை போய்வரலாமா என்று கேட்டேன். காடு என்றதும் மரங்களை நினைக்க வேண்டாம். பருத்தியும் உளுந்தும் விளைகிற மானாவாரி நிலத்துக்குத்தான் அங்கே காடு என்று பேர். தூரம் சுமார் 15 கிலோ மீட்டர்.

"போவலாம் அண்ணாச்சி. ஆனா நான் சொல்லுத எடத்துல எறங்கி நடக்கணும்" என்றார்.

விடியற்காலையில் புறப்பட்டோம். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வண்டித்தடம் இருந்த வரையில் பிரயாணம் சுகமாகவே இருந்தது. குதிரைமேல் உட்கார்ந்தால் சீமைக்கருவேலம் புதர்களுக்கு மேலே பார்வை போகிறது. வெடித்த பருத்தி கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. தடம் ஓர் உளுந்துத் தாளில் போய் மறைந்தது. பெரியவர் நின்றுவிட்டார்.

"எறங்கிக்கிடுங்க. மண்ணு வாயைத் தொறந்து கெடக்கு."

கரிசல் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். தை மாதத்தில் அது ஆரம்பந்தான்; சித்திரையில் வெடிப்பு கையகலத்துக்கு வந்துவிடும். மழைக்காலமோ இன்னும் மோசம். மாட்டுக்குப் பிளந்த குளம்பு. சேற்றில் ஊன்றும்போது விரியும், தூக்கும்போது ஒடுங்கும். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. வெடிப்பில் சிக்கிக் கால் ஒடிந்த குதிரையைப் பிழைக்க வைப்பது அரிது. தை பிறந்துவிட்டது, முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரியவருடைய வருஷ வருமானம் அந்த நாலு காலில் நின்றது.

இதே தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையில்தான் பழைய காயல் துறைமுகம் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலான இடங்களிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்து காயலில் இறங்கியதைச் சொல்லுகிறார். பாண்டிய நாட்டு அரசன் வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவானாம். வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சாதாம்! பராமரிப்புத் தெரியாததும், லாடம் அடித்து வைத்தியம் பார்க்க ஆளில்லாததும் காரணம் என்கிறார். கரிசலையும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். எத்தனை பொன் அந்த வெடிப்புகளுக்குள் போயிற்றோ!

நாங்கள் இருவரும் குதிரைக்கு முன்னால் நடந்தோம். பெரியவர் கம்பால் மண்ணைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். பிறகு கயிற்றை இழுப்பார். அரை மணி நேரத்துக்கு மேல் இப்படியே போயிற்று. அந்தப் பக்கம் அய்யனார் கோயில் மேட்டில் மண்குதிரைகள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கு முன்னங்கால் உடைந்திருந்தது. நிழலுக்குப் போனதும் பெரியவர் வெள்ளைக் குதிரையின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்பில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் எடுத்து, விரலால் தடவிப் பார்த்தார். நாலாவது காலைக் கீழே விட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இனிமே ஏறிக்கிடலாம் அண்ணாச்சி."