நடுவில் நிற்பவருக்கும் வேலை உண்டு

1953 அக்டோபரில் நம் நடராஜர் கொரியாவுக்குப் போனார், இரண்டணா தபால் தலையில். 1949-இல் தொடங்கிய தொல்பொருள் வரிசையில் மூன்று தம்பிடி முதல் பன்னிரண்டணா வரை 12 தலைகளை எடுத்து, இந்தியப் பாதுகாவல் படை, கொரியா என்று அவற்றின் மேல் இந்தியில் அச்சடித்து அனுப்பியது டெல்லி. சண்டையில் சேராத நாடு, சண்டை நடந்த மண்ணில் தன் ஜவான்கள் வீட்டுக்குக் கடிதம் போடத் தந்த தலைகள் அவை.

அங்கே நமக்கு என்ன வேலை? ஜூலை 27-இல் போர் நிறுத்தம் வந்த பிறகும், சொந்த நாடு திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தார்கள். அவர்களைக் காக்கவேண்டிய பொறுப்பு நம்முடையது. இதற்கென அமைந்த ஐந்து நாட்டு ஆணையத்துக்குத் தலைவர் நம் ஜெனரல் திம்மையா, பாதுகாவல் படைக்குத் தளபதி ஜெனரல் தோரட். தென் கொரிய அதிபர் சிங்மன் ரீயோ இந்தியச் சிப்பாய் தன் மண்ணை மிதிக்கக்கூடாது என்றார். கப்பலில் வந்தவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி எல்லைப் பகுதியில் இறக்கினார்கள். கைதிகள் கல்லெறிந்தார்கள். தாய்நாட்டு அதிகாரிகளின் விளக்கத்தைக் கேட்கக் கைதிகளை வலுக்கட்டாயமாகக் கொண்டுவா என்றது கம்யூனிஸ்ட் தரப்பு, திம்மையா மறுத்தார். எதிர்த்தரப்புக்கும் அவர் மேல் மனக்குறைதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

நம்மவர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். ஆற்காட்டு டாக்டர் ரங்கராஜ், 60-ஆவது பாராசூட் மருத்துவப் படையோடு 1950-லேயே அங்கே போய்க் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். மகாவீர் சக்கரம் பெற்றார். என்னைக் கேட்டால், பேச்சுக்கு நடுநிலை என்பவர்களைவிட இப்படி ஒரு வேலையை ஏற்றுக்கொண்டவர்தான் அந்தப் பெயருக்கு உரியவர்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் 'எனக்கெதற்கு வம்பு' என்று திண்ணையில் உட்கார்ந்துவிடும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்லபேரைக் காப்பாற்றிக்கொள்வார்கள், வீடு இரண்டாகிவிடும். பத்திரத்தைப் பூட்டிவைக்கவும், வயதான தாய்க்கு வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிறதா என்று கவனிக்கவும் யாராவது வேண்டாமா? இருவரிடமும் ஏச்சு வாங்கத் துணிந்த ஒருவர்தானே அதைச் செய்ய முடியும்?

கொரியாவோடு இந்த வேலை முடியவில்லை. 1954 டிசம்பரில் கம்போடியா, லாவோஸ், வியட்நாமில் போர் நிறுத்தத்தைக் கண்காணித்த ஆணையங்களுக்காக மறுபடியும் அதே தபால் தலை வரிசையில் மேலச்சடித்தார்கள். அதற்குள் கொரியா போன நம் படை திரும்பிவிட்டிருந்தது. இரு தரப்புமே தங்களுக்கு வேண்டாமென்று சொன்ன 88 கைதிகளையும் கூடவே கூட்டிவந்தது. டெல்லி அவர்களுக்கு இடம் கொடுத்தது. பெரும்பாலோர் பிறகு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள்.