பவர் போன வண்டி

எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியும். மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குப் புரியவைத்தது எங்கள் பழைய கார்தான்.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூரில். ராமாநுஜர் அவதரித்த ஊர் என்பது ஆயிரம் ஆண்டுப் பெருமை. கார் பிறக்கும் ஊர் என்பது புதுப் பெருமை. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை. நெடுஞ்சாலையில் நின்றால், புத்தம் புதுக் கார்களை முதுகில் ஏற்றிக்கொண்டு நீள நீளமான லாரிகள் போகும். அந்த ஊர்வலத்துக்கு நடுவே எங்கள் கிழட்டு வண்டி ஒரு நாள் எண்ணெயைக் கொட்டிக்கொண்டு நின்றது.

"ஸ்டியரிங் ரேக் போயிடுச்சு சார். புதுசு போடணும்" என்றார் மெக்கானிக். விலையையும் சொன்னார். கேட்டதும் எனக்கு வீரம் வந்துவிட்டது.

"1970-களில் அம்பாஸடர் ஓட்டியவன் ஐயா நான்! அதில் பவர் ஸ்டியரிங்கா இருந்தது? எடுத்துப் போடும் இந்தப் பவரை!"

அவர் தலையைச் சொறிந்தார். எஞ்சின் பெல்ட்டால் சுழலும் பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. நாம் சக்கரத்தைத் திருப்பினால் பினியனுக்குள் ஒரு மெல்லிய கம்பி முறுகி, எந்தப் பக்கம் எண்ணெய் போகவேண்டும் என்று வழிவிடுகிறது. அந்த எண்ணெய்தான் ரேக்கைத் தள்ளுகிறது என்று விளக்கினார். பம்பை மட்டும் கழற்றினால் போதாதாம். உள்ளே அகப்பட்ட எண்ணெய் இழுத்துப் பிடிக்கும். ரேக்கைப் பிரித்து உள் சீலை எடுத்து, கிரீஸ் வைத்து மூடவேண்டும். கம்பி முறுகுவதோ அப்போதும் நிற்காது. சக்கரம் திரும்பி, ஒரு கணம் கழித்தே டயர் திரும்பும். அதை வெல்டிங் வைத்து இறுக்குவோரும் உண்டாம்.

"ஸ்டியரிங்கில நான் வெல்டிங் வைக்க மாட்டேன் சார். உயிர் விஷயம்" என்றார். பிறகு, "அம்மாவும் இந்த வண்டிதானே ஓட்டுறாங்க?" என்று கேட்டார்.

"அவளுக்கென்ன, ஓட்டுவாள்" என்றேன். அவளைக் கேட்காமலே சொன்னேன்.

ஐம்பத்தைந்தாவது வயதில் வண்டி ஓட்டக் கற்றவள் என் மனைவி. ஒரகடத்தில் இருக்கும் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது அவள் பொறுப்பு. அந்த ஒரு மணி நேரத்துக்கு அவள் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வேலை முடிந்து வண்டி வந்தது. நெடுஞ்சாலையில் ஓடும்போது வித்தியாசமே தெரியவில்லை. எனக்கு ஒரே பெருமை. நின்ற வண்டியைத் திருப்பும்போதுதான் சூட்சுமம் புலப்பட்டது. பழைய மேனுவல் வண்டிகளில் பல்சக்கரக் கணக்கே வேறு. சக்கரத்தை அதிகச் சுற்றுச் சுற்றவேண்டும், ஆனால் கை நோகாது. பவர் ரேக்கோ குறைந்த சுற்றில் திரும்பும்படி வெட்டப்பட்டது. எண்ணெய் போனாலும் அந்தக் கணக்கு மாறுமா? பாரம் முழுதும் தோளில்தான் விழும்.

இரண்டு வாரம் கழித்து, மனைவி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவதைக் கண்டேன்.

"வண்டி என்ன ஆயிற்று?"

"வண்டிக்கு ஒன்றுமில்லைங்க. உங்களுக்கு நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தைல வாசனை வந்தது. சாவி ஆணியில் தொங்கியது. எத்தனை நாளாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு தூக்கம் பிடிக்காமல் புத்தகம் புரட்டினேன். 1926-இல் ஒரு காரில் பவர் ஸ்டியரிங்கைப் பொருத்திக் காட்டிய அமெரிக்க எஞ்சினியர் பிரான்சிஸ் டேவிஸ், ஒரு கம்பெனியின் லாரிப் பிரிவில் இருந்தவர். விற்பனைக் காருக்கு அது வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். இருபத்தைந்து ஆண்டு காத்திருந்து வந்த ஒன்றை நான் ஒரே பகலில் கழற்றிப் போட்டிருக்கிறேன். அதுவும் இன்னொருவர் கையிலிருந்து.

மறுநாள் காலையிலேயே மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பழைய பம்பைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

புது ரேக் பொருத்திய அன்று, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பத்திரிகை படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். பள்ளி விடும் நேரத்துக்கு அவள் சாவியை எடுத்தாள். தெரு முனையில் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.